ஹரார்

கிழக்கு எத்தியோப்பிய மேட்டுநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ள மதில் நகரம் ஹரார். மதிலுக்குள் அடங்கிய பழைய நகரை ஜுகோல் என்பர். அதன் பரப்பு அரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் 82 பள்ளிவாசல்களும் 102 தர்காக்களும் அதற்குள் இருக்கின்றன. பள்ளிவாசல்களில் மூன்று 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

1520இல் ஹரார் அதால் சுல்தானகத்தின் தலைநகரமாயிற்று. அங்கிருந்து படையெடுத்து எத்தியோப்பியக் கிறிஸ்தவப் பேரரசை நிலைகுலைய வைத்த இமாம் அகமது இப்னு இப்ராகிம் 1543இல் போரில் மாண்டதும் நகரம் காப்பார் இல்லாமல் நின்றது. அவருடைய கைம்பெண் பாத்தி தெல் வம்பராவை மணந்த அமீர் நூர் இப்னு முஜாஹித்தான் ஊரைச் சுற்றிக் கல் மதில் எழுப்பினார். பேரரசின் படைகளும், தெற்கிலிருந்து பெயர்ந்து வந்த ஒரோமோ மக்களும் அப்போது நகரை நெருக்கிக்கொண்டிருந்தனர்.

அச்சத்தில் எழுந்த மதில் என்றாலும், ஊர் பிழைத்தது அதன் வாசல்களால்தான். ஐந்து வாசல்களிலிருந்தும் சாலைகள் நகரின் நடுவுக்குச் சென்றன. ஊரும் ஐந்து பேட்டைகளாகப் பிரிந்தது. செங்கடல் துறைகளுக்குப் போகும் காப்பி ஒட்டகங்களில் ஏறி இவ்வழியே சென்றது. 1647இல் ஹரார் தனி அமீரகமாகித் தன் பெயரில் நாணயமும் அடித்தது. மதிலின் அடியில் கழிவுநீர் வெளியேற விட்ட துளைகள் வழியே கழுதைப்புலிகள் இரவில் புகுந்து தெருக்களில் கிடந்த கழிவுகளைத் தின்றன. அவற்றை விரட்டாமல் பழகிக்கொண்ட ஊர் இது. இன்றும் மதிலுக்கு வெளியே அவற்றுக்கு இறைச்சி ஊட்டுகிறார்கள்.

1875இல் எகிப்தியர் நகரைப் பிடித்து 1885 வரை ஆண்டனர். 1887இல் அது பின்னாளில் எத்தியோப்பியப் பேரரசரான மெனெலிக்கின் வசமாயிற்று. பிரெஞ்சுக் கவிஞர் ஆர்தர் ரேம்போ எழுத்தை விட்டுவிட்டுக் காப்பி வணிகம் செய்ய முதலில் வந்தது எகிப்தியர் ஆண்ட காலத்தில்தான். அவர் பெயரால் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் மர மாளிகை, அவர் காலத்துக்குப் பின் ஓர் இந்திய வணிகர் கட்டியது. 1902இல் ஜிபூத்தி ரயில் பாதை ஹராரை விட்டு விலகி திரே தாவாவை எட்டியது. வணிகமும் அங்கே போயிற்று. பழைய நகரம் இடிபடாமல் தப்பியதற்கு இந்த இழப்பே பெரிய காரணம் எனலாம்.

ஹராரி மக்களின் கட்டடக்கலையைக் காண மினார்களைவிட வீடுகளுக்குள் போவதே நல்லது. கூடத்தில் செம்மண் பூசிய திண்ணைகள் படிப்படியாக உயர்கின்றன. வீட்டுத் தலைவர், விருந்தினர் என ஒவ்வொருவருக்கும் அவற்றில் தனி இடம் உண்டு. சுவரின் மாடங்களிலும் மேலேயும் பெண்கள் புல்லால் பின்னிய வண்ணக் கூடைகள் நிறைந்திருக்கும். கதவுக்கு மேல் சுருட்டிய கம்பளம் இருந்தால் மணமாகாத மகள் அவ்வீட்டில் இருக்கிறாள் என்பார்கள்.

சந்தைகள் இன்றும் நடக்கின்றன. குதிரைச் சந்தை என்று பெயர் பெற்ற ஃபெரஸ் மகலா சதுக்கத்திலிருந்து கீழே இறங்கும் சந்து தையல்காரர்களுடையது. வாங்கிய துணியைக் கொடுத்தால் அங்கேயே உட்கார்ந்து தைத்துத் தருவார்கள். அது முடியும் இடத்தில் மசாலா, காப்பிக்கொட்டை, காத் இலைக் குவியல்களுடன் பெரிய சந்தை தொடங்குகிறது. சுற்றுப்புற ஒரோமோ ஊர்ப் பெண்கள் தலைச்சுமையாகக் காய்கறியும் விறகும் கொண்டுவருகின்றனர். எந்த மக்களிடமிருந்து காத்துக்கொள்ள மதில் எழுந்ததோ, அவர்களே இப்போது நகரின் அடுப்பை எரியவைக்கின்றனர். யுனெஸ்கோ 2006இல் ஜுகோலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.