200 மீட்டருக்குக் கீழே

வேண்டாதவர்களுக்கு ஊர்க்கோடியில் ஒரு புறம்போக்கைக் காட்டி, "இங்கே இருந்துகொள்ளுங்கள்" என்று சொல்வது உலக வழக்கம். சில சமயம் அந்தப் புறம்போக்கே பிற்பாடு கடைவீதியாகிவிடும். ஆகாயத்திலும் ஒரு முறை அப்படி நடந்தது.

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியது. அமெரிக்காவில் வீட்டு மாடியில் கம்பியில்லாத் தந்திக் கருவி வைத்து, பொழுதுபோக்காகப் பேசிக்கொண்டிருந்த அமெச்சூர்கள்தாம் செய்திகளைக் குழப்பினார்கள் என்று அவர்கள் தலையிலும் பழி விழுந்தது. அவ்வருஷமே சட்டம் வந்தது. நீண்ட அலைகள் கப்பல்களுக்கும் கடற்படைக்கும் கம்பெனிகளுக்கும். 200 மீட்டரும் அதற்குக் கீழும் அமெச்சூர்களுக்கு. அலை நீளமாக இருந்தால்தான் வெகுதூரம் போகும் என்பது அன்றைய சாஸ்திரம். பையன்கள் பக்கத்து ஊரோடு பேசிவிட்டுத் தாமாகவே ஓய்ந்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள்.

அவர்கள் ஓயவில்லை. நம் குரல் அட்லாண்டிக்கைத் தாண்டுமா என்று பார்க்கத் துணிந்தார்கள். 1921 பிப்ரவரியில் செய்த முதல் சோதனை தோற்றது. பிரிட்டிஷ்காரர்களின் கருவிகளும் காதுகளும் போதாது என்று சந்தேகித்த அமெரிக்க ரேடியோ ரிலே லீக், டிசம்பர் சோதனைக்குத் தன் ஆள் ஒருவரையே கப்பலேற்றி அனுப்பியது. அவர் பெயர் பால் காட்லி.

காட்லி பேசப் போகவில்லை, கேட்கப் போனார். ஸ்காட்லாந்தில் ஆர்ட்ராஸன் என்ற ஊரின் கடற்கரையில், குளிர்காற்றில் ஒரு கூடாரம். அதிலிருந்து 1000 அடிக்கு மேல் நீண்டு கிடந்த ஏரியல் கம்பி. இரவெல்லாம் விழித்திருந்தார். கடைசியில் 200 மீட்டரை ஒட்டிய அந்த ஒதுக்குப்புறத்து அலையில், கனெக்டிகட்டிலிருந்து ஒரு வாழ்த்துச் செய்தி முழுசாக வந்து சேர்ந்தது. இருபதுக்கு மேற்பட்ட நிலையங்களை அவர் கேட்டார்.

வேடிக்கை என்னவென்றால், நம்பத் தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிரிட்டிஷ் அமெச்சூர்களில் சிலரும் தத்தம் வீட்டிலிருந்தபடியே அமெரிக்கக் குரல்களைக் கேட்டுவிட்டார்கள்!

1923 நவம்பரில் அமெரிக்காவும் பிரான்ஸும் 100 மீட்டரை ஒட்டிய அலையில் இருபுறமும் பேசின. அதன் பின் கம்பெனிகளும் அரசாங்கங்களும் சிற்றலைக்கு ஓடி வந்தன. புறம்போக்கு கடைவீதியாயிற்று.

பழைய 200 மீட்டருக்கு அருகே அமெச்சூர்களிடம் மிஞ்சியது 160 மீட்டர். அதையும் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் கப்பல்களுக்கு வழிகாட்டும் லோரான் ஆக்கிரமித்துக்கொள்ள, இவர்கள் வெகுகாலம் ஒண்டுக் குடித்தனம் செய்தார்கள். பிடிவாதமான அலை அது. பகலில் வானத்தின் கீழ் மின்னடுக்கு அதை விழுங்கிவிடும், இரவில்தான் விடும். கோடையில் இடிமின்னலின் இரைச்சல். ஆகவே போட்டிகள் குளிர்காலத்து இரவுகளில் நடக்கின்றன. முறையாக ஏரியல் கட்ட 80 மீட்டர் கம்பி வேண்டும். எந்த வீட்டுக் கொல்லையில் அவ்வளவு இடம்? மரத்தில் ஏற்றி, வேலியோரமாக மடக்கி, எப்படியோ கட்டிவிடுகிறார்கள்.

மாஸசூஸெட்ஸில் ஸ்டியூ பெர்ரி என்பவர் இந்த அலையிலேயே ஆயுளைக் கழித்தார். அவர் பெயரால் நடக்கும் போட்டியில் ஒவ்வொரு 500 கிலோமீட்டர் தூரத்துக்கும் ஒரு மதிப்பெண். பரிமாறிக்கொள்வது நிலையத்தின் பெயரும் இருப்பிடக் குறியும் மட்டும். விதிகளில் ஒன்று என்னைக் கவர்ந்தது. இரவு விளக்கு எரிவதற்கான 5 வாட் சக்தியோடு கூப்பிடும் ஏழை நிலையத்தைக் கேட்டுப் பதில் சொன்னால், சொன்னவருக்கு மதிப்பெண் பல மடங்கு.

உரக்கக் கத்துகிறவனுக்குப் பரிசு தரும் உலகத்தில், மெலிந்த குரலைக் காது கொடுத்துக் கேட்டவனுக்குப் பரிசு! காட்லி கூடாரத்தில் செய்தது அதுதான். கூடாரமும் கப்பல் பயணமும் இல்லாமல், போர்வையைப் போர்த்துக்கொண்டு வீட்டு அறையில் அதையே இன்றும் சிலர் செய்கிறார்கள். ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குத்தான், ஒதுங்கி ஒலிக்கும் குரலின் அருமை தெரியும் போலும்.