துணித்துண்டும் தேன்மெழுகும்

பழந்தமிழர் தகடூர் என வழங்கிய தருமபுரி, மைசூர் ஆட்சிக் காலத்தில் பாராமகாலைச் சேர்ந்திருந்தது. 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் அதனைக் கும்பினியாரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. போர்கள் ஓய்ந்த பின்னரும் இங்குத் துப்பாக்கி மறையவில்லை. குழல்வாய் வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி காட்டோர ஊர்களில் நெடுங்காலம் புழங்கியது. உரிமமின்றி வைத்திருப்போர் அவற்றை ஒப்படைக்க வேண்டுமெனக் காவல்துறை அண்மைக் காலத்திலும் அறிவித்ததுண்டு.

நாட்டுத் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. மருந்து, அதன்மேல் தக்கை, பின்னர் ஈயக்குண்டு என இட்டால் போதும். ரைபிள் குழலிலோ திருகு வடிவில் வரிப்பள்ளங்கள் உண்டு. குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்றால்தான் குறி தப்பாது. ஆகவே குழலினும் சற்றே சிறிய குண்டை ஒரு துணித்துண்டில் பொதிந்து உள்ளே செலுத்துவர். துணி பள்ளங்களை நிரப்பும். மருந்தின் ஆவி வீணே வெளியேறாமலும் தடுக்கும். நெருக்கமாக நெய்த பருத்தியோ லினனோ இதற்கு ஏற்றது. சுட்டபின் விழும் துண்டு கிழிந்து கருகியிருந்தால், துணி மெலிது என்று அறியலாம்.

துணிக்கு மசகும் வேண்டும். கருமருந்து எரிந்தபின் குழலில் கரி படிந்து இறுகும். அதை இளக்குவதே மசகின் வேலை. கொழுப்பு மட்டும் பூசினால் வெயிலில் உருகி மருந்தை நனைத்துவிடும். தேன்மெழுகு கலந்தால் நிலைக்கும். எண்ணெயும் மெழுகும் நம் கடைத்தெருக்களில் கிடைப்பவையே.

எளிய இத்தேர்வுதான் 1857இல் ஒரு பேரரசை உலுக்கியது. அப்போது வந்த என்பீல்டு ரைபிளில் துணியின் வேலையைத் தோட்டாவின் மசகிட்ட காகிதமே செய்தது. சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்து மருந்தைக் கொட்ட வேண்டும். பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் அதில் உள்ளன என்ற பேச்சு அவ்வாண்டு ஜனவரியில் டம்டமில் எழுந்தது. பன்றிக்கொழுப்பு முஸ்லிமுக்கு ஹராம். பசுக்கொழுப்பு இந்துவுக்குத் தீண்டத்தகாதது. கல்கத்தாவில் கொழுப்பு வாங்கிய ஒப்பந்தத்திலோ அது எவ்விலங்கினது என்ற வரையறையே இல்லை.

அறியாமல் நேர்ந்த பிழை என்றும் கூற இயலாது. மசகு சிப்பாய்களின் சமய உணர்வைப் புண்படுத்தாதது என உறுதி செய்யவேண்டுமென 1853ஆம் ஆண்டிலேயே கர்னல் டக்கர் எச்சரித்திருந்தார். ஆட்டுக்கொழுப்பும் மெழுகும் கலந்த மசகை ரைபிள் படைப்பிரிவுகள் அதற்கு முன்னரே பயன்படுத்தியும் வந்தன. மாற்று வழி கைக்கெட்டிய தொலைவில் இருந்தது. கேட்டறியும் மனம்தான் இல்லை.

ஜனவரி 27ஆம் நாள், மசகிடாத தோட்டாக்களையே வழங்கலாம், சிப்பாய்கள் தாம் விரும்பியதைப் பூசிக்கொள்ளலாம் என அரசு இசைந்தது. ஆயினும் காலம் கடந்துவிட்டது. இப்போது காகிதத்தின் பளபளப்பே ஐயத்திற்கு இடமாயிற்று. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் மூன்றாம் குதிரைப்படையினர் 85 பேர், முஸ்லிம்களும் இந்துக்களுமாக, தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்கள் பழைய வகைத் தோட்டாவையே மறுத்தனர் என்பது ஐயம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதைக் காட்டும். அவர்களுக்கு விலங்கிட்ட மறுநாள், மே 10, கிளர்ச்சி வெடித்தது.

நில இழப்பு, ஊதியக் குறை, நாடு பறிப்பு எனக் காரணங்கள் பல இருந்தன. அவற்றுக்கெல்லாம் தீப்பொறியானது மசகு. இரும்புக் குழலின் கரியை இளக்கக் கொழுப்புப் போதும். மனிதர் நெஞ்சில் இறுகிய ஐயத்தை இளக்க அது போதாது. அதற்கு வேண்டியது நம்பிக்கை. அது எந்தக் கடைத்தெருவிலும் கிடைப்பதன்று.