தீயில் இட்ட இசையும் அதைக் காத்த மனிதரும்



வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருபவை அரசர்களும் போர்களும் கோட்டைகளும்தாம். ஆனால், மக்கள் கூடி ஆடிய இடங்களுக்கும் வரலாறு உண்டு. இன்றைய உரையில் அப்படிப்பட்ட ஓர் இடத்தையும், அங்கே வளர்ந்த ஓர் இசையையும், அதை வளர்த்த ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற மனிதரையும் பற்றிப் பார்ப்போம். இடம், அமெரிக்காவின் சிக்காகோ நகரம். இசை, 'ஹவுஸ்' என்று உலகம் அழைக்கும் மின்னணு நடன இசை.

இந்த இசை காதில் விழுந்ததும் "இது என்ன, ஒரே இடிச் சத்தம்!" என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தச் சத்தத்திற்குப் பின்னே ஒரு கதை இருக்கிறது என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

கதையை ஒரு விளையாட்டுத் திடலில் தொடங்குவோம். 1979 ஜூலை 12, மாலை நேரம். சிக்காகோவின் காமிஸ்கி பார்க் திடலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பேஸ்பால் ஆட்டங்கள் நடக்கவிருந்தன. டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 98 சென்ட் மட்டுமே என்று அறிவித்திருந்தார்கள். ஏன் தெரியுமா? இரண்டு ஆட்டங்களுக்கும் இடையே அந்த இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்ப்பதற்காக! இந்த ஏற்பாட்டின் முன்னணியில் நின்றவர் ஸ்டீவ் டால் என்னும் வானொலி அறிவிப்பாளர். அவர் வேலை பார்த்த நிலையம் டிஸ்கோ இசைக்கு மாறியதால் தம் வேலையை இழந்து, வேறு நிலையத்துக்குச் சென்றவர் அவர்.

ஏறத்தாழ 50,000 பேர் திரண்டார்கள். பெட்டியில் குவித்த தட்டுகள் வெடித்துச் சிதறின. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திடலுக்குள் பாய்ந்தார்கள். புல்தரை பாழானது. காவலர்கள் 39 பேரைக் கைது செய்தனர். இரண்டாம் ஆட்டம் நடக்கவே இல்லை. வெற்றி, எதிரணியான டெட்ராய்ட்டுக்கு வழங்கப்பட்டது.

அன்று அத்திடலில் பார்வையாளர்களுக்கு இடம் காட்டும் வேலையில் இருந்தவர்களுள் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞரும் ஒருவர். மின்னணு இசைக்கருவி ஒன்று வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தவர். மக்கள் கொண்டுவந்த தட்டுகளை அவர் கவனித்தார். அவற்றுள் பல டிஸ்கோவே அல்ல. கறுப்பினக் கலைஞர்களின் வேறு வகைப் பாடல்கள் என்று அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். அப்படியானால், அன்று வெறுக்கப்பட்டது ஒரு தாளம் மட்டுந்தானா? டிஸ்கோ பெரும்பாலும் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், தன்பால் ஈர்ப்புடையோர் ஆகியோரின் நடனக் கூடங்களில் வளர்ந்த இசை என்பதை நினைவிற் கொண்டால், இந்தக் கேள்வியின் கனம் நமக்குப் புரியும்.

இனி, அந்தத் திடலிலிருந்து சில மைல் தொலைவில், அதே நகரில் இருந்த நம் கதாநாயகரிடம் வருவோம்.

ஃபிராங்கி நக்கிள்ஸ் 1955 ஜனவரி 18-ஆம் நாள் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தார். இளமையில் ஆடை வடிவமைப்பு சார்ந்த கலையைப் பயின்றார். லாரி லெவன் என்ற நண்பரோடு சேர்ந்து நியூயார்க்கின் நடனக் கூடங்களில் சிறு சிறு வேலைகள் பார்த்து, இசைத்தட்டு சுழற்றும் கலையைக் கற்றுக்கொண்டார். இருவருமே கறுப்பினத்தவர், இருவருமே தன்பால் ஈர்ப்புடையோர்.

1977-இல் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் சிக்காகோவில் ஒரு நடனக் கூடம் தொடங்கினார். இசைத்தட்டு சுழற்ற அவர் முதலில் அழைத்தது லாரி லெவனை. அவர் வர மறுக்கவே, வாய்ப்பு நக்கிள்ஸைத் தேடி வந்தது. நண்பர் வேண்டாமென்று விட்ட வேலை, இவருடைய வாழ்க்கைப் பணியாயிற்று!

அக்கூடம் தெற்கு ஜெபர்சன் தெருவில் 206-ஆம் எண் கட்டடத்தில் இருந்தது. முன்பு தொழிற்கூடமாக இருந்த மூன்று மாடிக் கட்டடம் அது. மக்கள் அதை 'வேர்ஹவுஸ்', அதாவது கிடங்கு, என்று அழைத்தார்கள். அங்கே மது விற்கவில்லை, பழச்சாறுதான். சனிக்கிழமை இரவு தொடங்கும் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை பகல்வரை நீளும். வந்தவர்களுள் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளி இளைஞர்களுமே. வேறு கூடங்களின் வாசலில் தயக்கத்தோடு நிற்க வேண்டியிருந்தவர்கள் இங்கே தயங்காமல் நுழைந்தார்கள். அருள் இழந்தவர்களாகக் கருதப்பட்டோருக்கு அதுவே தேவாலயம் என்று நக்கிள்ஸ் ஒருமுறை குறிப்பிட்டார். அவர் சொன்னதன் பொருளை, கோயில் திருவிழாவில் உருமி மேளத்துக்குத் தன்னை மறந்து ஆடும் கூட்டத்தைப் பார்த்த நமக்கு விளக்க வேண்டியதில்லை.

காமிஸ்கி பார்க் நிகழ்ச்சிக்குப் பிறகு என்ன நடந்தது? வானொலி நிலையங்கள் டிஸ்கோவைக் கைவிட்டன. இசைத்தட்டு நிறுவனங்கள் அவ்வகைத் தட்டுகளை வெளியிடுவதைக் குறைத்துக்கொண்டன. நக்கிள்ஸின் கூடத்துக்கோ கூட்டம் வந்துகொண்டே இருந்தது. ஆடுவதற்கு ஆள் உண்டு. புதிய தட்டுகள் இல்லை. இந்த நெருக்கடிதான் அவரை வெறும் தட்டு சுழற்றுபவர் என்ற நிலையிலிருந்து இசைத் தயாரிப்பாளர் என்ற நிலைக்கு உயர்த்தியது.

இங்கே ஒரு விளக்கம். தயாரிப்பாளர் என்றதும், திரைப்படத்துக்குப் பணம் போடுபவரை நாம் நினைத்துக்கொள்வோம். நடன இசையில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. ஒலிகளைத் தேர்ந்து, வெட்டி, ஒட்டி, அடுக்கி, ஒரு பாடலுக்கு இறுதி உருவம் கொடுப்பவரே அங்குத் தயாரிப்பாளர்.

நக்கிள்ஸ் கையில் எடுத்தது ஒலிநாடா. ஒலிப்பதிவுக் கலை பயின்ற எராஸ்மோ ரிவேரா என்ற நண்பரின் துணையோடு, பழைய பாடல்களை நாடாவில் பதிந்து, மக்கள் விரும்பி ஆடும் பகுதிகளை நீட்டினார். தொய்வான இடங்களை நீக்கினார். தாளத்தைத் தடித்த ஒலியாக்கினார். இருட்டாக்கிய கூடத்தில் ரயில் வண்டி பாய்ந்து வரும் ஓசையை எழுப்பி ஆடுவோரைத் திகைக்க வைத்தார். பழைய சேலையைக் கிழித்துக் குழந்தைக்குத் தூளி கட்டும் தாயைப்போல, உலகம் பழையதென்று ஒதுக்கிய இசையிலிருந்து அவர் புதியது ஒன்றை உண்டாக்கினார்.

வேர்ஹவுஸில் ஒலிக்கும் இந்த இசை எங்கே கிடைக்கும் என்று இளைஞர்கள் கடைகளில் கேட்கத் தொடங்கினர். 'வேர்ஹவுஸ் இசை' என்று கடைக்காரர்கள் எழுதி வைத்த பெயர், நாளடைவில் 'ஹவுஸ்' என்று சுருங்கிற்று என்பது பலரும் கூறும் வரலாறு. கிடங்கு வீடாயிற்று! வந்தவர்களுக்கு அது உண்மையிலேயே வீடாகத்தான் இருந்தது.

நக்கிள்ஸ் 1982-இன் இறுதியில் வேர்ஹவுஸை விட்டு விலகி, அடுத்த ஆண்டு 'பவர் பிளான்ட்' என்ற சொந்தக் கூடத்தைத் தொடங்கினார். அங்கே அவருக்குக் கைகொடுத்தது ஒரு தாளப் பொறி. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1983 முதல் 1985 வரை தயாரித்த டி.ஆர். 909 என்ற மின்னணுக் கருவி அது. உண்மையான முரசைப்போல் ஒலிக்கவில்லை என்று இசைக்கலைஞர்கள் பலர் அதைப் புறக்கணித்தனர். விற்பனையில் தோல்வியுற்ற அந்தக் கருவி, பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. நக்கிள்ஸ் தம்முடையதை டெட்ராய்ட் நகரின் டெரிக் மே என்ற இளம் கலைஞரிடமிருந்து வாங்கினார்.

நேயர்களே, இப்போது ஒரு சிறு சோதனை செய்வோம். ஒரு நொடிக்கு இரண்டு தட்டு என்ற கணக்கில் மேசையைத் தட்டிப் பாருங்கள். நிமிடத்திற்கு 120 தட்டு. ஹவுஸ் இசையின் அடிப்படை ஏறத்தாழ இதுதான். ஒவ்வொரு தட்டிலும் பெருமுரசு ஒலிக்கும். ஒன்றும் தவறாது, ஓய்வும் கிடையாது. புதிதாக வருபவனுக்கும் உடனே கால் பிடிபடும் எளிய தாளம் இது.

இத்தாளத்தின் மீது எழுந்த பாடல்கள் தட்டுகளாகவும் வரலாயின. திடலில் அன்று இடம் காட்டிய வின்ஸ் லாரன்ஸை மறந்துவிடவில்லையே? 1984-இல் ஜெசி சாண்டர்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'ஆன் அண்ட் ஆன்' என்ற தட்டே முதல் ஹவுஸ் தட்டாகப் பலராலும் கருதப்படுகிறது. வெடித்துச் சிதறிய தட்டுகளின் புகையைக் கண்ட கண்கள், புதிய தட்டு பிறப்பதையும் கண்டன. ஹவுஸ் என்பது டிஸ்கோ தீர்த்துக்கொண்ட பழி என்று நக்கிள்ஸ் வேடிக்கையாகச் சொன்னதும் இதனால்தான்.

1987-இல் நக்கிள்ஸின் பெயரில் 'யுவர் லவ்' என்ற புகழ்பெற்ற பாடல் தட்டாக வெளிவந்தது. அதைப் பாடியவர் ஜேமி பிரின்சிப்பிள் என்ற சிக்காகோ இளைஞர். தட்டாக வருமுன்பே, நாடாவிலிருந்து கூடங்களில் ஒலித்து ஊரறிந்த பாடல் அது. ஆயினும் தட்டில் முன் நின்றது நக்கிள்ஸின் பெயர்தான். பாடுபவர் ஒருவர், பெயர் பெறுபவர் ஒருவர் என்ற நிலை இவ்விசையின் தொடக்க காலத்திலேயே இருந்தது என்பதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அதே 1987 ஜனவரியில், சிக்காகோவின் ஸ்டீவ் ஹர்லி உருவாக்கிய ஹவுஸ் பாடல் ஒன்று பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பிறந்த ஊரில் பலர் பொருட்படுத்தாத இசையைக் கடல் கடந்த நாடு கொண்டாடியது. பவர் பிளான்ட் மூடப்பட்டபின் நக்கிள்ஸ் நியூயார்க்குக்குத் திரும்பினார். டேவிட் மொராலஸ் முதலியோருடன் 'டெஃப் மிக்ஸ்' என்ற குழுவில் இணைந்து, பிறர் பாடல்களுக்கு நடன வடிவம் கொடுத்தார். இதையே ரீமிக்ஸ் என்கிறோம். சக்கா கான், டயானா ராஸ், மைக்கல் ஜாக்சன் போன்றோரின் பாடல்கள் அவர் கைபட்டு மறுவடிவம் பெற்றன. 1991-இல் வெளிவந்த அவருடைய 'தி விசில் சாங்', சீழ்க்கை ஒலிபோல் மிதக்கும் மெல்லிய இசை. ஹவுஸ் என்றால் வெறும் இடிமுழக்கம் என்பவர்களுக்கு அதுவே தக்க மறுமொழி.

1998-இல், அவ்வாண்டு முதன்முறையாக ரீமிக்ஸ் கலைஞர்களுக்கென வழங்கப்பட்ட கிராமி விருது நக்கிள்ஸுக்குக் கிடைத்தது. 2004 ஆகஸ்ட் 25-ஆம் நாள், வேர்ஹவுஸ் இருந்த ஜெபர்சன் தெருவின் ஒரு பகுதிக்குச் சிக்காகோ நகரம் அவர் பெயரைச் சூட்டியது. அதற்குத் துணைநின்றவர்களுள் ஒருவர், அப்போது இலினாய் மாநிலச் செனட்டராக இருந்த பராக் ஒபாமா. நீரிழிவு நோயின் விளைவுகளால் 2014 மார்ச் 31-இல் நக்கிள்ஸ் தம் 59-ஆம் வயதில் காலமானார். 2023-இல், பழைய வேர்ஹவுஸ் கட்டடத்தை நகர மன்றம் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

அவர் விட்டுச்சென்ற ஏறத்தாழ 5,000 இசைத்தட்டுகள் எங்கே போயின என்று கேட்பீர்கள். சிக்காகோவின் தென்பகுதியில் 1923-இல் கட்டப்பட்ட வங்கிக் கட்டடம் ஒன்று நெடுநாள் பாழடைந்து கிடந்தது. தியாஸ்டர் கேட்ஸ் என்ற கலைஞர் அதை நகராட்சியிடமிருந்து ஒரு டாலருக்குப் பெற்று, புதுப்பித்து, 2015-இல் கலைக்கூடமாகத் திறந்தார். நக்கிள்ஸின் தட்டுகள் அங்குதான் வைக்கப்பட்டன.

ஒரு காலத்தில் தட்டுகளைக் குவித்து வெடிவைத்த நகரம் அது. அதே நகரம், அதே வகைத் தட்டுகளை வங்கியில் வைத்துக் காக்கிறது. இடையே கழிந்தவை முப்பத்தாறு ஆண்டுகள். இந்த மாற்றத்தை உண்டாக்க நக்கிள்ஸ் யாரையும் எதிர்த்துத் திடலில் இறங்கவில்லை. தம் கூடத்தின் கதவைத் திறந்து வைத்தார். தாளம் நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டார்.

அடுத்த முறை, பிள்ளைகள் அறையிலிருந்து அந்த 'இடிச் சத்தம்' கேட்குமானால், "நிறுத்து" என்று சொல்லுமுன், "இது எங்கிருந்து வந்தது தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால், அவர்களுக்குச் சொல்ல உங்களிடம் ஒரு கதை இருக்கிறது.