யூனிவர்சல் நியூலைன் பிறந்த கதை

டெலிடைப் இயந்திரத்தில் ஒரு வரி முடிந்தால் இரண்டு வேலை நடக்க வேண்டும். அச்சுத்தலை இடக்கோடிக்குத் திரும்ப வேண்டும். தாள் ஒரு வரி மேலேற வேண்டும். முன்னதற்கு சி.ஆர்., பின்னதற்கு எல்.எஃப். என்று தனித்தனிக் குறிகள். இயந்திரம் போனது, குறிகள் தங்கிவிட்டன. யூனிக்ஸ் எல்.எஃப். மட்டும் போதும் என்றது. டாஸும் விண்டோஸும் இரண்டையும் வைத்துக்கொண்டன. பழைய மேக் சி.ஆரோடு நிறுத்திக்கொண்டது.

அவரவர் கணினிக்குள் இருந்தவரை வம்பில்லை. பைத்தான் நிரல்மொழியும் வரிமுடிவை அறியும் பொறுப்பை அந்தந்தக் கணினியின் சி நூலகத்திடம் விட்டிருந்தது. 2001இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்து கூட்டைக் கலைத்தது. அடியில் யூனிக்ஸ், மேலே பழைய மேக் பழக்கம். ஒரே வட்டில் இரு வகைக் கோப்புகளும். சி.ஆர். கோப்பை யூனிக்ஸ் கண்ணால் படித்தால் முழுக் கோப்பும் ஒரே வரியாக நீளும். மேக்குக்கான பைத்தானைப் பராமரித்த ஜாக் ஜான்சன் 2002 ஜனவரியில் ஒரு முன்மொழிவை எழுதினார். ‘யூனிவர்சல் நியூலைன்’ என்பது அதன் பெயர், பி.இ.பி. 278 என்பது எண். படிக்கும்போது மூன்றில் எது வந்தாலும் நிரலிடம் எல்.எஃப். என்றே கொடுக்க வேண்டும் என்றது அது. 2003இல், பைத்தான் 2.3இல், கோப்பைத் திறக்கும் ‘யு’ என்ற முறையாக அது சேர்ந்தது.

கேட்க எளிது. ஆனால் சி.ஆர். வந்ததும் அது மேக்கின் வரிமுடிவா, விண்டோஸ் ஜோடியின் முதல் பாதியா என்று அப்போதே சொல்ல முடியாது. கோப்போ துண்டு துண்டாகத்தான் நினைவகத்துக்கு வரும். சி.ஆர். ஒரு துண்டின் வாலிலும் எல்.எஃப். அடுத்ததன் தலையிலும் விழுந்தால், ஒரு வரிமுடிவு இரண்டாகி நடுவே வெற்று வரி முளைக்கும். அதற்காகக் கோப்பைக் கையாளும் பொருளுக்குள் ஒரு கொடி வைத்தார்கள்: சி.ஆர். வந்தால் வரியை முடி, அடுத்தது எல்.எஃப். என்றால் விழுங்கிவிடு. பைத்தான் 3 வேறு வழி பிடித்தது. துண்டின் கடைசியில் வந்த சி.ஆரை வெளியே விடாமல், அடுத்த துண்டைப் பார்த்த பிறகே முடிவு செய்கிறது. இந்த நிதானம்தான் சரி என்பேன்.

ஜான்சன் எழுதும் பக்கத்தைத் தொடவில்லை. 2008இல் பைத்தான் 3.0 ‘நியூலைன்’ என்ற அளவுருவைத் தந்து அதையும் நிரலர் கையில் கொடுத்தது. கொடுத்தும் சி.எஸ்.வி. கோப்பு இன்னும் பலரைத் தடுக்கி விழவைக்கிறது. பைத்தானின் சி.எஸ்.வி. நூலகம் ஜோடிக் குறியைத் தானே எழுதும். விண்டோஸில் உரைமுறையில் திறந்த கோப்பு அதிலுள்ள எல்.எஃபுக்கு இன்னொரு சி.ஆர். சேர்க்கும். எக்செலில் திறந்தால் ஒவ்வொரு வரிசைக்கும் அடியில் ஒரு காலி வரிசை. கோப்பைத் திறக்கும்போதே நியூலைனுக்கு வெற்றுச் சரத்தைக் கொடுத்தால் அது வராது.