அட்டை ஏணி

சிறுவர்க்கென இதழ் படைப்போர் முதலில் விடை காண வேண்டிய வினா ஒன்று உண்டு. குழந்தையை வெறும் வாசகனாக எண்ணுகிறோமா, அன்றிப் பங்காளியாக ஏற்கிறோமா? இங்கிலாந்தின் கால்பந்து இதழ்கள் இவ்வினாவுக்குப் படிப்படியாகவே விடை கண்டன.

1951-இல் முன்னாள் வீரர் சார்லஸ் பக்கன் தம் பெயரிலேயே தொடங்கிய மாத இதழ், வீரர்களின் வண்ணப் படங்களைத் தந்தது. 1954-இல் 'டைகர்' வார இதழ், ராய் என்னும் கற்பனை வீரனைச் சித்திரக் கதையில் உலவவிட்டது. 1969 ஆகஸ்டில் பிறந்த 'ஷூட்' வேறொரு வழி கண்டது. அது இணைப்பாக வழங்கிய அட்டையில் வரிசையாகக் கீறல்கள் இருந்தன. ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு சிறு துண்டு. இங்கிலாந்தின் நான்கு பிரிவுகளிலும் இருந்த 92 கழகங்களைச் சிறுவர் தாமே வாரந்தோறும் இடம் மாற்றிச் செருகினர்.

இதன் நுட்பம் எண்ணத்தக்கது. அச்சிட்ட பட்டியல் ஒரே வாரத்தில் பழையதாகும். ஏணியோ பருவம் முழுவதும் புதிதாயிருந்தது. முதற்கழகத்துக்கும் கடைக்கழகத்துக்கும் ஒரே வகைத் துண்டுதான். தன் அன்புக்குரிய கழகம் தோற்றபோது, அதைத் தன் கையாலேயே கீழிறக்கும் நேர்மையையும் சிறுவன் கற்றான்.

ஆயினும் அவ்விதழ்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளிடமே பேசின. 1921-இல் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் திடல்களைப் பெண்களுக்கு மூடியது. அத்தடை 1970களின் தொடக்கத்தில்தான் நீங்கியது. 2018-இல் ராயின் கதை புத்துருப் பெற்றபோது, பந்தாடும் தங்கை ஒருத்தியும் அதில் வந்தாள்.

ஏணி செய்வோர், எந்தக் குழந்தைக்கு அதில் படி இல்லை என்பதையும் பார்த்தாக வேண்டும்.