2016 அமெரிக்க அதிபர் தேர்தல்: அயல்நாட்டுப் பார்வைகளும் உலக அதிகார மாற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

2016ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளராகப் போட்டியிட்ட டொனால்ட் டிரம்ப் குறித்து அயல்நாட்டு அரசுகளும் மக்களும் கொண்டிருந்த பார்வைகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. அப்பார்வைகள் தனிமனிதர் ஒருவரைப் பற்றிய மதிப்பீடுகளாக மட்டும் அமையவில்லை. மாறிவரும் உலக அதிகார அமைப்பில் தத்தம் இடம் குறித்து ஒவ்வொரு நாடும் கொண்டிருந்த அச்சத்தையும் எதிர்பார்ப்பையும் அவை வெளிப்படுத்தின. அதிகார மாற்றம் அவ்வேட்பாளரின் வருகைக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதையும் இக்கட்டுரை சான்றுகளுடன் நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: அமெரிக்க அதிபர் தேர்தல், டொனால்ட் டிரம்ப், நேட்டோ, பசிபிக் வணிக ஒப்பந்தம், சீனா, அயல்நாட்டுக் கருத்து, அதிகார மாற்றம்.

முன்னுரை

அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்நாட்டு வாக்காளர்களுக்கே உண்டு. ஆயினும், அத்தேர்தலின் விளைவுகளை ஏற்க வேண்டியவர்கள் அவர்கள் மட்டுமல்லர். அமெரிக்காவின் படைப் பாதுகாப்பை நம்பியிருக்கும் நாடுகளும், அதன் சந்தையை நம்பிப் பொருள் விளைவிக்கும் நாடுகளும், அதன் எல்லையை ஒட்டி வாழும் மக்களும் அத்தேர்தலைத் தம் தேர்தல் போலவே உற்றுநோக்குகின்றனர். அமெரிக்க வேட்பாளர் ஒருவர் அயல்நாடுகளில் கலக்கத்தை உண்டாக்குவது புதிதும் அன்று. 1964இல் பாரி கோல்ட்வாட்டரின் அணு ஆயுதக் கருத்துகளும், 1980இல் ரொனால்ட் ரீகனின் கடும் பொதுவுடைமை எதிர்ப்பும் ஐரோப்பாவில் ஐயத்தை எழுப்பின. கோல்ட்வாட்டர் 52 தேர்வாளர் வாக்குகளே பெற்றுத் தோற்றார். ரீகனோ வென்று, 1987இல் சோவியத் ஒன்றியத்துடன் நடுத்தூர அணு ஏவுகணை ஒழிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஆகவே, ஒரு வேட்பாளர் குறித்த அயல்நாட்டு அச்சம் அவருடைய பிற்காலச் செயலை முன்னறிவிக்கும் சான்றாகாது. அது எதற்குச் சான்றாகும் என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

வேட்பாளரின் கூற்றுகளும் உடனடி எதிர்வினைகளும்

2015 ஜூன் 16இல் தம் வேட்புநிலையை அறிவித்த உரையிலேயே மெக்சிகோவிலிருந்து குடியேறுவோரைக் குற்றவாளிகளுடன் இணைத்துப் பேசினார் டிரம்ப். அதே ஆண்டு டிசம்பர் 7இல் முஸ்லிம்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதை முற்றாகத் தடுக்க வேண்டும் என்றார். இக்கூற்றைப் பிரித்தானியப் பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகக் கண்டித்தார். டிரம்பைப் பிரித்தானியாவுக்குள் அனுமதிக்கக் கூடாது என்ற மனுவில் ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அம்மனு 2016 ஜனவரி 18இல் நாடாளுமன்ற உறுப்பினர்களால் விவாதிக்கப்பட்டது. வாக்கெடுப்பு நடைபெறவில்லை. நெருங்கிய நட்பு நாடொன்றின் நாடாளுமன்ற வளாகத்தில் அமெரிக்க வேட்பாளர் ஒருவரின் நுழைவுரிமையே விவாதப் பொருளானது குறிப்பிடத்தக்கது. பிப்ரவரியில் மெக்சிகோ பயணத்திலிருந்து திரும்பிய போப் பிரான்சிசு, பாலங்களை எழுப்பாமல் சுவர்களை மட்டும் எழுப்ப எண்ணுவது கிறித்தவப் பண்பாகாது என்ற கருத்தை வெளியிட்டார்.

மக்கள் கருத்தை அளவிட்ட ஆய்வுகளும் இதே போக்கைக் காட்டின. 2016 ஜூன் இறுதியில் வெளியான பியூ ஆய்வு மையத்தின் அறிக்கை, பத்து ஐரோப்பிய நாடுகளில் உலக விவகாரங்களில் தலைவர்கள் மீதான நம்பிக்கையை அளவிட்டது. பராக் ஒபாமாவிடம் நம்பிக்கை கொண்டோரின் இடைநிலை அளவு 77 விழுக்காடாகவும், ஹிலாரி கிளின்டனிடம் 59 விழுக்காடாகவும், டிரம்பிடம் 9 விழுக்காடாகவும் இருந்தது.

அரசுகளின் நிலைப்பாடு: மூவகைப் பார்வைகள்

மக்கள் கருத்து ஏறத்தாழ ஒருமுகமாக அமைந்தபோதும் அரசுகளின் பார்வை அவ்வாறு அமையவில்லை. அதனை மூவகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, அமெரிக்கப் பாதுகாப்பைச் சார்ந்த நாடுகளின் பார்வை. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு அளித்த நேர்காணலில், ஜப்பானும் தென்கொரியாவும் தமக்கென அணு ஆயுதம் பெறுவதை ஏற்கத்தக்கதாக டிரம்ப் பேசினார். ஜூலையில் அதே இதழுக்கு அளித்த நேர்காணலில், பால்டிக் நாடுகள் தாக்கப்பட்டால் அவை தம் கடமைகளை நிறைவேற்றினவா என்பதைப் பார்த்த பின்னரே உதவி பற்றி முடிவு செய்யப்படும் என்ற பொருள்படக் கூறினார். நேட்டோ ஒப்பந்தத்தின் ஐந்தாம் உறுப்பு, ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதலை அனைத்து நாடுகளின் மீதான தாக்குதலாகக் கருதுகிறது. எஸ்தோனியா உடனே எதிர்வினையாற்றியது. பாதுகாப்புக்கு நாட்டு வருவாயில் 2 விழுக்காட்டைச் செலவிடும் மிகச் சில உறுப்பு நாடுகளுள் தானும் ஒன்று என்பதையும், ஆப்கானிஸ்தானில் தன் வீரர்கள் போரிட்டதையும் அந்நாட்டு அதிபர் தூமாஸ் ஹென்ரிக் இல்வெஸ் சுட்டிக்காட்டினார். பெரிய நாடுகளுக்குக் கொள்கை விவாதமாகத் தோன்றியது, ரஷ்யாவுடன் எல்லையைப் பகிரும் சிறு நாட்டுக்கு இருத்தலைப் பற்றிய வினாவாக இருந்தது.

இரண்டாவது, வேட்பாளரை வரவேற்ற அரசுகளின் பார்வை. 2016 ஜூலையில் ஹங்கேரிப் பிரதமர் விக்டர் ஓர்பான், குடியேற்றம் தொடர்பான டிரம்பின் நிலைப்பாடு ஐரோப்பாவுக்கும் ஹங்கேரிக்கும் உகந்தது என்றார். ரஷ்ய அதிபர் விளாதிமிர் புடினின் கூற்று சொல்லாய்வுக்குரியது. 2015 டிசம்பரில் அவர் டிரம்பைக் குறிக்கப் பயன்படுத்திய ரஷ்யச் சொல் 'ஒளிமிக்க', 'வண்ணமிக்க' என்னும் பொருள்களைத் தருவது. ஆங்கில இதழ்களில் அது 'பேரறிவாளர்' என்னும் பொருள்படப் பெயர்க்கப்பட்டது. டிரம்பும் அதனைப் பாராட்டாக ஏற்றுக்கொண்டார். 2016 ஜூனில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பொருளாதார மாநாட்டில் தாம் அப்பொருளில் கூறவில்லை எனப் புடின் விளக்கினார். அயல்நாட்டுக் கருத்தை மொழிபெயர்ப்பின் வழியாக மட்டும் அணுகும் ஆய்வாளர் கொள்ள வேண்டிய எச்சரிக்கைக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

மூன்றாவது, வெளிப்படையாகச் சார்பு கொள்ளாது காத்திருந்த அரசுகளின் பார்வை. சீனப் பிரதமர் லி கெசியாங் 2016 மார்ச்சில், யார் வென்றாலும் இருநாட்டு உறவு முன்செல்லும் என்றார். ஆயினும் அந்நாட்டு நிதியமைச்சர் லோ ஜிவெய், சீனப் பொருள்கள் மீது பெருவரி விதிக்கும் கருத்தை முன்வைத்த டிரம்பைப் பகுத்தறிவுக்கு ஒவ்வாதவர் என மறுமாதமே விமர்சித்தார். ஒரே அரசுக்குள்ளும் குரல்கள் வேறுபட்டன.

மெக்சிகோ இவ்வகைகளுள் எதனிலும் எளிதில் அடங்கவில்லை. 2016 மார்ச்சில் டிரம்பின் பேச்சை இட்லர், முசோலினி ஆகியோரின் எழுச்சிக் காலப் பேச்சுடன் ஒப்பிட்ட அதிபர் என்ரிக்கே பெனியா நியெத்தோ, ஆகஸ்ட் 31இல் அவரையே தம் மாளிகைக்கு அழைத்துச் சந்தித்தார். உள்நாட்டில் எழுந்த கடுஞ்சினத்தையடுத்து, அச்சந்திப்புக்குக் காரணமானவராகக் கருதப்பட்ட நிதியமைச்சர் லூயிஸ் விதெகராய் செப்டம்பர் 7இல் பதவி விலகினார். டிரம்ப் வென்றபின் 2017 ஜனவரியில் அவரே வெளியுறவு அமைச்சராகப் பொறுப்பேற்றார். மக்கள் வெறுத்த தொடர்பே அரசுக்குத் தேவையான தொடர்பாக மாறியதை இது காட்டுகிறது.

அதிகார மாற்றத்தின் முந்தைய வேர்கள்

உலக அதிகார அமைப்பின் மாற்றத்தை இவ்வேட்பாளரின் வெற்றியிலிருந்து தொடங்கும் வழக்கம் பொது விவாதங்களில் காணப்படுகிறது. காலவரிசை இதற்கு இடந்தரவில்லை. 2013இல் சரக்கு வணிகத்தில் சீனா உலகின் முதலிடத்தைப் பெற்றது; மண்டலமும் பாதையும் திட்டமும் அவ்வாண்டிலேயே அறிவிக்கப்பட்டது. வாங்குதிறன் அடிப்படையில் சீனப் பொருளாதாரம் அமெரிக்காவை விஞ்சியதாக 2014இல் பன்னாட்டு நிதியத்தின் மதிப்பீடுகள் காட்டின. 2015 மார்ச்சில் அமெரிக்காவின் அதிருப்தியைப் பொருட்படுத்தாது ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியில் சேரப் பிரித்தானியா முடிவு செய்தது. அவ்வங்கி 57 நாடுகளை நிறுவன உறுப்பினர்களாகக் கொண்டு அமைந்தது. 2016 அக்டோபரில் பிலிப்பைன்ஸ் அதிபர் ரொட்ரிகோ துதர்த்தே, பெய்ஜிங்கில் நின்று அமெரிக்காவிடமிருந்து தம் நாடு பிரிவதாக அறிவித்தார். இவை யாவும் தேர்தல் முடிவுக்கு முன்னர் நிகழ்ந்தவை.

டிரம்பின் தனிக்கருத்துகளாகக் கருதப்பட்ட சில, அமெரிக்க அரசியலில் பரவலாக இருந்தவையே. நட்பு நாடுகள் பாதுகாப்புச் சுமையைப் போதிய அளவு பகிர்வதில்லை என்ற குறை ஒபாமாவிடமும் இருந்தது. 2016 பிப்ரவரியில் ஆக்லாந்தில் 12 நாடுகள் கையெழுத்திட்ட பசிபிக் கடந்த கூட்டாண்மை ஒப்பந்தத்தை டிரம்ப் மட்டுமன்றி, பெர்னி சாண்டர்சும், 2015 அக்டோபர் முதல் கிளின்டனும் எதிர்த்தனர். சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங் 2016 ஆகஸ்டில் வாஷிங்டனில், அவ்வொப்பந்தத்தை நிறைவேற்றுவது அமெரிக்காவின் நம்பகத்தன்மைக்கான சோதனை என எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை ஒரு வேட்பாளரை நோக்கியது அன்று. ஒப்பந்தத்தைக் கைவிட அணியமாகியிருந்த அமெரிக்க அரசியல் முழுமையையும் நோக்கியது.

தேர்தலுக்குப் பின்: நம்பிக்கையும் அதிகாரமும்

2016 நவம்பர் 8 தேர்தலில் மக்கள் வாக்கில் ஏறத்தாழ 28 லட்சத்திற்கும் மேல் பின்தங்கியபோதும், 304 தேர்வாளர் வாக்குகளுடன் டிரம்ப் வென்றார். நவம்பர் 17இல் ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே நியூயார்க் சென்று அவரைச் சந்தித்தார். தேர்தலுக்குப் பின் அவரைச் சந்தித்த முதல் அயல்நாட்டுத் தலைவர் அபேயே. அணு ஆயுதக் கூற்றால் கலங்கிய நாடே முந்திச் சென்றது கவனத்திற்குரியது. செருமனியின் அங்கெலா மெர்கெல், மக்களாட்சி, சட்டத்தின் மதிப்பு, மனித மாண்பு ஆகிய விழுமியங்களின் அடிப்படையில் ஒத்துழைப்பதாகக் கூறி வாழ்த்தினார். பிறரை முழுமையாகச் சார்ந்திருக்கும் காலம் ஓரளவு கடந்துவிட்டது என 2017 மே 28இல் மியூனிக்கில் அவர் பேசினார்.

2017 ஜனவரி 17இல் தாவோஸ் மாநாட்டில் சீன அதிபர் சி சின்பிங் உலகமயமாதலுக்கு ஆதரவாக உரையாற்றினார். ஆறு நாள்களில் அமெரிக்கா பசிபிக் ஒப்பந்தத்திலிருந்து விலகியது. எஞ்சிய 11 நாடுகளோ 2018 மார்ச் 8இல் சாண்டியாகோவில் திருத்திய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

2017 ஜூனில் வெளியான பியூ ஆய்வின்படி, 37 நாடுகளில் அமெரிக்க அதிபர் மீதான நம்பிக்கையின் இடைநிலை அளவு 64 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகச் சரிந்தது. ரஷ்யாவும் இஸ்ரேலுமே விதிவிலக்குகள். ஆனால், அதே ஆய்வில் சி சின்பிங் பெற்ற அளவு 28 விழுக்காடு. புடின் பெற்றது 27. மெர்கெல் பெற்றது 42. அமெரிக்கா இழந்த நம்பிக்கை அப்படியே சீனாவுக்கோ ரஷ்யாவுக்கோ சென்று சேரவில்லை. நம்பிக்கையும் அதிகாரமும் வெவ்வேறு வேகத்தில் இடம்பெயர்வன என்பதையே இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவதாக, அயல்நாட்டு மக்களின் கருத்தும் அரசுகளின் செயலும் ஒன்றன்று. எந்த நாடு அதிகம் அஞ்சியதோ அதுவே விரைந்து உறவு தேடியதும் உண்டு. இரண்டாவதாக, வேட்பாளர் உலக அதிகார மாற்றத்தைத் தோற்றுவித்தவர் அல்லர். முன்பே நிகழ்ந்துகொண்டிருந்த மாற்றத்தை மறைக்க இயலாததாக்கி, சில திசைகளில் விரைவுபடுத்தியவர். மூன்றாவதாக, அமெரிக்கத் தலைமையின் வெற்றிடத்தை ஒரு தனி வல்லரசு உடனே நிரப்பவில்லை. பசிபிக் ஒப்பந்தத்தைக் காத்த 11 நாடுகளைப் போல, நடுத்தர ஆற்றல் கொண்ட நாடுகளே சில துறைகளில் அப்பணியை மேற்கொண்டன.

அண்மைக்கால வரலாற்றை எழுதுவோர் ஒரு மனிதரின் பேச்சில் முழுக் காரணத்தையும் காண முற்படுவது எளிது. அவ்வாறு காணின், அவர் பதவியை விட்டு அகலும்போது பழைய ஒழுங்கு மீளும் என்ற தவறான எதிர்பார்ப்புக்கு அது இட்டுச்செல்லும். எஸ்தோனியா போன்ற நாடுகளுக்கு அத்தவற்றின் விலை ஏட்டளவில் நிற்பதன்று. ஆகவே, அயல்நாட்டுப் பார்வைகளை வேட்பாளர் மீதான தீர்ப்பாக மட்டும் கொள்ளாது, அவற்றை வெளியிட்ட நாடுகளின் நிலையை அறிய உதவும் வரலாற்று ஆவணங்களாகவும் கொள்வதே பொருத்தமுடையது.