வரைபடத்தில் இல்லாத ஊர்



இங்கிலாந்தின் தென்பகுதியில், தேம்ஸ் ஆற்றுக்கு அருகே, லாங் விட்டன்ஹம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள அருங்காட்சியகம் ஒன்றின் கூரைக்குக் கீழே இன்னோர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் பெண்டன் பார்வா. வைக்கோல் வேய்ந்த வீடுகள், தோட்டத்தில் முட்டைக்கோசுப் பாத்திகள், வயல்களுக்கு நடுவே புகைவண்டிப் பாதை என எல்லாம் அங்கே உண்டு. ஆறடி மனிதன் அவ்வூரில் 24 மில்லிமீட்டர் உயரந்தான். எந்த வரைபடத்திலும் அந்த ஊரை நீங்கள் காண இயலாது. ஆயினும் அதிலுள்ள வீடுகள் கற்பனை அல்ல. ஒவ்வொன்றும் அந்நாட்டின் ஏதோவொரு தெருவில் மெய்யாகவே மனிதர் குடியிருந்த வீட்டின் அச்சு. இதைக் கட்டத் தொடங்கியவரையும், அவரோடு கைகோத்தவர்களையும் பற்றி இவ்வாரம் உங்களுக்கு எழுத விரும்புகிறேன்.

அவர் பெயர் ராய் இங்கிலாந்து. குடும்பப் பெயரே இங்கிலாந்து என்றாலும், அவர் வந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து! 1925ஆம் ஆண்டில், இருபது வயதும் நிரம்பாத இளைஞராக, கப்பலேறி வந்து சேர்ந்தார். ஸ்விண்டன் நகருக்கு அருகிலுள்ள வான்பரோ என்னும் ஊரில் தங்கினார். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் மாபெரும் எஞ்சின் பணிமனை ஸ்விண்டனில்தான் இருந்தது. புகைவண்டிமேல் தீராத மோகம் கொண்டிருந்த அவருக்கு அதைவிட நல்ல இடம் வாய்த்திருக்காது. ஆனால் எஞ்சின்களை நாடிய கண்கள், மெல்ல மெல்லச் சுற்றியிருந்த ஊர்களின்மேல் பதிந்தன.

அந்த நிலப்பகுதிக்கு வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என்று பெயர். அஃபிங்டன் குன்றின் சரிவில், மண்ணை அகழ்ந்து வெண்சுண்ணத்தால் நிரப்பி வரையப்பட்ட, ஏறத்தாழ 110 மீட்டர் நீளமுள்ள குதிரை உருவமே அப்பெயருக்குக் காரணம். அதன் வயது ஏறக்குறைய 3,000 ஆண்டுகள் என்கிறார்கள். சில ஆண்டுகள் கவனியாமல் விட்டால் போதும், புல் படர்ந்து உருவம் மறையத் தொடங்கிவிடும். தலைமுறை தலைமுறையாக அக்கம்பக்கத்து ஊரார் குன்றேறிப் புல்லைச் செதுக்கிச் சுண்ணத்தைத் துலக்கி வந்ததாலேயே அது இன்றும் தெரிகிறது. வரைந்தவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது.

குதிரை நிலைத்தது, வீடுகள் நிலைக்கவில்லை. 1920களிலும் 30களிலும் மோட்டார் வாகனமும் மின்சாரமும் நாட்டுப்புறத்துக்குள் நுழைந்தன. பழைய வைக்கோல் கூரைகள் இறக்கப்பட்டு, கல்நார்த் தகடுகள் ஏறின. குடிசைகள் இடிக்கப்பட்ட இடத்தில் எங்கும் காணும் ஒரே அச்சு வீடுகள் எழுந்தன. ராய் இங்கிலாந்துக்கு இது பெருந்துயரமாயிற்று. தடுக்க அவரிடம் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. மறைவதற்கு முன் அளந்து, படமெடுத்து, சிறிய அளவில் மீண்டும் கட்டிவைப்பது என்று அவர் தீர்மானித்தார்.

இங்கே நான் சற்று நிற்க வேண்டும். வைக்கோல் வீடு பார்ப்பவனுக்கு அழகு, குடியிருப்பவனுக்கு? மழைக்காலத்தை ஓலைக்கூரையின் கீழ்க் கழித்தவர்கள் நம் சபையிலும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஈரச் சுவர், நெருப்புப் பயம், கிணற்றிலிருந்து சுமந்த தண்ணீர் ஆகியவை எந்த மாதிரி வடிவத்திலும் தெரிவதில்லை. தகடு வேய்ந்துகொண்ட குடும்பத்தை நாம் குறை சொல்ல இயலாது. (அதே கல்நார் நுரையீரலைக் கெடுப்பது என்று கண்டு, பிரிட்டன் 1999இல் அதை முற்றாகத் தடை செய்தது என்பது வேறு கதை.) என் எண்ணத்தில் ராய் இங்கிலாந்தின் பெருமை, பழையதே சிறந்தது என்று வாதாடாமல், அது எப்படி இருந்தது என்று பொய்யில்லாமல் பதிவு செய்ய முயன்றதில் இருக்கிறது.

பொய்யில்லாமல் என்பதற்கு அவர் கொடுத்த விலை சிறிதல்ல. அளவு 76க்கு ஒன்று. அதாவது ஒன்பது அங்குலச் செங்கல் அங்கே மூன்று மில்லிமீட்டர். அட்டையில் செங்கல் வரிசைகளைக் கீறி, நீர்வண்ணத்தால் கல் கல்லாகத் தீட்ட வேண்டும். உண்மையான சுவரில் எந்த இரு கற்களும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை அல்லவா? கூரைக்கு, குழாய் இணைப்புகளில் சுற்றப் பயன்படும் சணல் நாரைக் கற்றை கற்றையாக ஒட்டி வேய்ந்தார்கள். பெக்ஹாம்ப்டன் என்னும் ஊரில் இன்றும் நிற்கும் 'வேகன் அண்ட் ஹார்சஸ்' என்ற பழைய சத்திரத்தை அவர் செய்தபோது, உள்ளேயிருந்த தட்டுமுட்டுப் பொருள்களையும் செய்து வைத்தார். சன்னல் வழியாகக் குனிந்து பார்ப்பவருக்கு மட்டுமே அவை தெரியும்.

இப்படி ஒரு வீட்டுக்கே மாதங்களும் ஆண்டுகளும் சென்றால், ஒரு பள்ளத்தாக்குக்கு எவ்வளவு? ஒரு மைல் நிலத்தை இந்த அளவில் வைக்க ஏறத்தாழ 70 அடி நீளமான அறை வேண்டும். எந்த ஊரையும் சுற்றுப்புறத்தோடு முழுமையாகச் செய்வது ஆகாத காரியம். ஆகவே பல ஊர்களிலிருந்து வீடுகளைத் தெரிந்தெடுத்து, ஒரே ஊராகக் கூட்டி, பெண்டன் பார்வா என்று பெயர் சூட்டினார். ஒரு மனிதனின் ஆயுளும் இதற்குப் போதாது என்பதை அவர் கணக்குப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

1954ஆம் ஆண்டில், லாங் விட்டன்ஹமில் ஓர் இளைஞர் விடுதியோடு ஒட்டியபடி இந்த முயற்சி அருங்காட்சியகமாகத் தொடங்கியது. கூலி வாங்காமல் உழைக்க ஆள்கள் வந்தார்கள். கை வேலையில் தேர்ந்தவரும் வந்தனர், கற்றுக்கொள்ள வந்தவரும் உண்டு. கய் வில்லியம்ஸ் என்பவர் எஞ்சின்களைக் கட்டினார். பித்தளைத் தகட்டை வெட்டி, பற்றவைத்து, ஓடச் செய்த அவருடைய கைத்திறனை அத்துறையினர் இன்றும் வியந்து பேசுகிறார்கள். முதலில் எழுந்த பெரிய காட்சி பள்ளத்தாக்கு அல்ல, டார்ட்மூர். அங்கே புரூனல் என்னும் பொறியாளரின் முறைப்படி அமைந்த உயரமான மரப்பாலம் ஒன்றின்மேல் வண்டிகள் செல்கின்றன. கார்ன்வால் நாட்டில் எஞ்சியிருந்த அத்தகைய பாலங்களில் கடைசியானது 1934இல் மாற்றப்பட்டது. ஆக, மரப்பாலமும் வண்டியும் சேர்ந்து காணக் கிடைப்பது அரிதாகிவிட்ட காட்சி அது.

கூட்டாகக் கட்டுவோருக்கு ஒரு சிறப்பான சிரமம் உண்டு. ஒருவர் செய்த வீட்டுக்குப் பக்கத்தில் மற்றொருவர் செய்த வீடு நிற்கும்போது, இரண்டும் ஒரே மண்ணில் ஒரே வெயிலில் நிற்பதாகத் தோன்ற வேண்டும். ஒருவருடைய செங்கல் சற்று அதிகமாகச் சிவந்தாலும் தெரு பொய்யாகிவிடும். கலைஞனுக்குத் தன் கையெழுத்தைக் காட்ட ஆசை இருக்கும். அந்தத் தெருவில் அதற்கு இடமில்லை.

லண்டனில் ஜான் அஹெர்ன் என்பவர் 1930களில் 'மாடர் பள்ளத்தாக்கு' என்னும் மாதிரி இருப்புப்பாதையைக் கட்டினார். தண்டவாளமே எல்லாம் என்றிருந்த காலத்தில், ஊரையும் ஆற்றையும் வண்டிக்குச் சமமாக மதித்துக் கட்டிய முன்னோடிகளில் ஒருவர் அவர். 1961இல் அவர் மறைந்தபின் அதுவும் பெண்டனில் வந்து தஞ்சம் புகுந்தது. பொதுவாக இத்தகைய படைப்புகளின் கதி பரிதாபமானது. கட்டியவர் போனதும் அறையைக் காலி செய்ய வேண்டும், பலகைகள் குப்பைக்குப் போகும். மாடருக்கு ஒரு சமூகம் கிடைத்ததால் அது பிழைத்தது.

ராய் இங்கிலாந்து 1995இல் காலமானார். வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு அப்போதும் முடிவடைந்திருக்கவில்லை. ஆலயத்துக்குக் கல்லையும் கேதுருவையும் சேர்த்து வைத்துவிட்டு, கட்டுவதை மகனிடம் விட்டுப்போன தாவீதை நீங்கள் அறிவீர்கள். இங்கே மகனின் இடத்தில் வந்தவர்கள் இரத்த உறவில்லாதவர்கள். பிரிட்டிஷ் ரயில்வே தன் பிரதான பாதைகளில் நீராவி வண்டிகளை 1968இல் நிறுத்திவிட்டது. ஆகவே பின்னால் வந்து சேர்ந்தவர்களில் பலர், தாங்கள் செய்யும் அந்த உலகத்தை ஒரு நாளும் கண்டவர்கள் அல்லர். பழைய புகைப்படத்தில் ஒரு வீட்டின் கதவுக்கு மேலுள்ள செங்கல் வரிசைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்கள். எண்ணிக்கை ஐயமானால் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து எண்ணுகிறார்கள்.